மிம்பர் கைப்பேசிக்கு வந்துவிட்டது. தப்தர் யார் கையில் இருக்கிறது?

(மதுரையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இணையக் காணொளி வந்தபிறகு இஸ்லாமிய மதப் பிரச்சாரமும் இஸ்லாமியச் சமூகமும் எப்படி மாறியிருக்கின்றன என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்கு நம் தோழர்களிடம் வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, யூடியூப் மதவெறியை வளர்க்கிறது என்பது. இன்னொன்று, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று ஆகிவிட்டதால் மதத்துக்குள் சனநாயகம் வந்துவிட்டது என்பது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு பதில்களுமே திரையை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. திரைக்கு வெளியே இருக்கும் அதிகாரத்தைப் பார்க்காமல் ஒரு மதச் சமூகம் மாறியிருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. சாதியைப் பற்றிப் பேசும்போது நாம் இதைச் சரியாகவே செய்கிறோம். ஒருவர் மேடையில் சமத்துவம் பேசினால் கைதட்டிவிட்டுப் போய்விடுவதில்லை. உங்கள் ஊரில் சுடுகாடு எத்தனை, உங்கள் வீட்டுத் திருமணம் யாரோடு நடந்தது என்று கேட்கிறோம். அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும் என்பதுதான் என் பேச்சின் சாரம்.

முஸ்லிம் அல்லாத தோழர்களுக்காகச் சில சொற்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை உரை நிகழ்த்தப்படும் மேடைக்கு மிம்பர் என்று பெயர். அந்த உரை குத்பா. பொதுவான மார்க்கச் சொற்பொழிவு பயான். பள்ளிவாசலைச் சுற்றி வாழும் குடும்பங்களின் அமைப்பு ஜமாஅத். அதன் நிர்வாகத் தலைவர் முத்தவல்லி. ஒரு குடும்பம் சந்தா கட்டுகிறதா, யாருக்கு யாரோடு நிக்காஹ் நடந்தது என்பதெல்லாம் எழுதப்படும் பதிவேடு தப்தர். மிம்பர், தப்தர் என்ற இந்த இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மிம்பர் பேச்சின் இடம். தப்தர் அதிகாரத்தின் இடம். காணொளி முதலாவதை உடைத்துவிட்டது. இரண்டாவதை அது தொடவில்லை.

மேடையிலிருந்து கேசட்டுக்கு

பிரச்சாரம் புதிய கருவியில் ஏறிக்கொள்வது இது முதல்முறை அல்ல. தமிழைத் தம் வாழ்வின் மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். அரபுத் தமிழ் என்ற அந்த எழுத்துமுறையில் மார்க்க நூல்கள் எழுதப்பட்டன, பின்னர் அச்சாகவும் வந்தன. அரபு எழுத்தைக் கூட்டி ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்து தெரியாமலேயே தங்கள் மொழியில் மார்க்கத்தைப் படிக்க அது வழி செய்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பா.தாவூத்ஷா வந்தார். 1885இல் பிறந்து 1969 வரை வாழ்ந்த அவர், ‘தாருல் இஸ்லாம்’ இதழின் வழியாக, வெள்ளிக்கிழமை குத்பா மக்களுக்குப் புரியும் தமிழில் நடக்க வேண்டும் என்று வாதாடினார். ஆலிம்கள் பலர் கொதித்தார்கள். புரியாத மொழியில் ஓதப்படுவதைத் தலைகுனிந்து கேட்டுவிட்டுப் போவதுதான் பக்தி என்ற ஏற்பாட்டை எதிர்ப்பவர்களுக்கு எல்லா மதத்திலும் ஒரே வரவேற்புதான்.

அதே காலத்தில்தான் மீலாது விழா மேடைகள் வளர்ந்தன. பெரியாரும் அண்ணாவும் அந்த மேடைகளில் பேசினார்கள். சுயமரியாதை இயக்கத்தின் மேடைத் தமிழும் முஸ்லிம்களின் மேடைத் தமிழும் ஒன்றையொன்று கேட்டு வளர்ந்தவை. நாகூர் ஈ.எம்.ஹனிபாவின் குரலில் தி.மு.க.வின் பாட்டும் இறைவனைப் பற்றிய பாட்டும் ஒரே ஒலிபெருக்கியில் வந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை மதுரையில் இன்னும் இருக்கிறது. கோரிப்பாளையத்திலும் நெல்பேட்டையிலும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கேசட். 1980களில் தமிழ்நாட்டில் தவ்ஹீத் இயக்கம், அதாவது ஏகத்துவத்தை வலியுறுத்தித் தர்கா வழிபாடு, தாயத்து, கத்தம் பாத்திஹா ஆகியவற்றை எதிர்த்த இயக்கம் பரவியது. அதன் பேச்சுகள் கேசட்டுகளாகச் சுற்றின. வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இளைஞர்கள் அங்கே கேட்டார்கள், ஊருக்கும் கொண்டுவந்தார்கள். பிறகு குறுந்தகடுகள், கேபிள் தொலைக்காட்சியில் கேள்வி-பதில் நிகழ்ச்சிகள், இணையதளங்கள். 2004இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தும் அதன் நிறுவனத் தலைவராக இருந்த பி.ஜைனுல் ஆபிதீனும் இந்தக் கருவிகளை மற்ற எல்லோரையும்விட முன்கூட்டியே புரிந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவின் விலை சரிந்தபோது, தமிழில் ஏற்கெனவே பதிவான மணிக்கணக்கான பயான்கள் யூடியூபில் காத்திருந்தன.

தவ்ஹீத் பேச்சாளர்களின் பாணியைக் கவனித்தால் ஒன்று தெரியும். அலங்காரமில்லாத தமிழ். ‘ஆதாரம் எங்கே’ என்ற கேள்வி. எதிர்த்தரப்பை மேடைக்கு அழைத்து, எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டு, நாள் கணக்கில் விவாதித்து, முழுவதையும் படம்பிடித்து வெளியிடுவது. இது அரபுநாட்டு மதரஸாவில் கற்ற பாணி மட்டும் அல்ல என்பது என் கருத்து. தமிழ்நாட்டுப் பகுத்தறிவு மேடை கற்றுக்கொடுத்த பாணியும் அதில் இருக்கிறது. தந்தை சொன்னார், பாட்டன் செய்தார் என்பது ஆதாரமாகாது என்று ஒரு முஸ்லிம் இளைஞர் தன் வீட்டுப் பெரியவரிடம் சொல்லும்போது, அந்த வாக்கியத்தில் ஈரோட்டின் சாயல் இருக்கிறது. அந்தக் கேள்வி வேதநூலின் வாசலில் போய் நின்றுவிடும் என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனாலும் கேள்வி கேட்கும் பழக்கம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தது என்பதை நாம் மறுக்கக்கூடாது.

காதில் மாட்டிய பயான்

காணொளியால் பலன் பெற்றவர்கள் யார் என்றால், நான் முதலில் பெண்களைச் சொல்வேன். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பழைய சுன்னத் ஜமாஅத் பள்ளிவாசல்களில் பெரும்பாலானவற்றில் பெண்களுக்குத் தொழுமிடம் கிடையாது. வெள்ளிக்கிழமை என்ன பேசினார்கள் என்பதை வீட்டு ஆண் வந்து சொன்னால்தான் உண்டு. அவர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் சொல்வார். தவ்ஹீத் பள்ளிகள் பெண்களுக்கு இடம் ஒதுக்கியது ஒரு மாற்றம். அதைவிடப் பெரிய மாற்றம், சமையலறையிலோ தையல் இயந்திரத்தின் முன்னாலோ இருக்கும் ஒரு பெண், யாரையும் கேட்காமல், காதில் மாட்டிக்கொண்டு தானே கேட்க முடிந்தது.

அவர் கேட்பது ஒரே குரலை அல்ல. ஹனபி மத்ஹபைச் சேர்ந்த ராவுத்தர் வீட்டுப் பெண், கடற்கரை ஊரின் ஷாபி ஆலிம் சொல்வதையும் கேட்கிறார், தவ்ஹீத் பேச்சாளர் மறுப்பதையும் கேட்கிறார், இலங்கையிலிருந்து ஒரு மௌலவி சொல்வதையும் கேட்கிறார். ஒரே கேள்விக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன என்று தெரிந்த மாத்திரத்தில், உள்ளூர் ஹஜ்ரத் சொல்வது மட்டுமே அல்லாஹ்வின் சொல் என்ற பயம் போய்விடுகிறது. குலா என்ற, பெண் தானே மணவிலக்குக் கோரும் உரிமை மார்க்கத்தில் இருக்கிறது என்பதை ஒரு காணொளியில் கேட்டுவிட்டு ஜமாஅத்துக்குப் போகும் பெண் முன்பு போன பெண் அல்ல. மணவிலக்கு கேட்டு நீதிமன்றம் போக முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. அது இருப்பதைச் சொல்வாரில்லாமல்தான் பல தலைமுறைப் பெண்கள் காத்துக்கிடந்தார்கள்.

கைக்கூலியையும் சொல்ல வேண்டும். மணமகன்தான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் மார்க்கத்தில், பெண் வீட்டாரிடம் ரொக்கமும் நகையும் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடையே ஆழமாக வேரூன்றியிருந்தது. தவ்ஹீத் இயக்கத்தார் வரதட்சணை வாங்கும் திருமணங்களில் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்து, மேடையிலும் காணொளியிலும் அதைத் தொடர்ந்து பேசினார்கள். எத்தனை வீட்டில் அது நிற்கிறது என்று தனியாகப் பேசலாம். ஆனால் வாங்குகிறவர் கூச்சப்பட வேண்டிய விஷயமாக அது மாறியதில் அந்தப் பேச்சுகளுக்குப் பங்கு இருக்கிறது. தர்காவை இடிக்கச் சொல்கிறவர்கள் என்று அவர்களை ஒரே வரியில் கடந்துபோகும் தோழர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தப்தர் எங்கே இருக்கிறது

இப்போது அடுத்த பக்கம். அந்தப் பெண் குலா உரிமையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஜமாஅத்துக்குப் போகிறார். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார்? பெரும்பாலும் ஊரின் வசதியான குடும்பங்களைச் சேர்ந்த ஆண்கள். பெண்ணின் வழக்கை அவருடைய வாப்பாவோ அண்ணனோ பேச, பெண் வெளியே காத்திருக்கும் ஜமாஅத்துகள் இன்னும் உண்டு. இதை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் ஸ்டெப்ஸ் அமைப்பின் வழியாகப் பெண்கள் ஜமாஅத்தைக் கட்டினார். ஜமாஅத்தில் நியாயம் கிடைக்காத பெண்கள் அங்கே வந்தார்கள். தங்கள் வழக்கைத் தாங்களே பேசினார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ‘இன்வோக்கிங் ஜஸ்டிஸ்’ ஆவணப்படத்தில் அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம். யூடியூப் பயான்கள் வீடுதோறும் வருவதற்கு முன்பே, எந்தப் பிரபலப் பேச்சாளரும் இல்லாமல், பேருந்து பிடித்து வந்த பெண்கள் செய்த மாற்றம் அது. காணொளி சொல்லிக்கொடுத்தது உரிமையின் பெயரை. அந்த உரிமையை வாங்கித் தர உட்கார்ந்து பேசும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது.

ஜமாஅத்தின் அதிகாரம் எவ்வளவு என்பது அதை எதிர்த்தவருக்குத்தான் தெரியும். தக்கலையைச் சேர்ந்த கவிஞர் எச்.ஜி.ரசூல் 2007இல் எழுதிய ஒரு கட்டுரைக்காக ஊர் விலக்கம் செய்யப்பட்டார். ஊர் விலக்கம் என்றால் நல்லது கெட்டதற்கு யாரும் வரக்கூடாது. வீட்டில் திருமணம் என்றால் தப்தர் வராது. இறந்தால் மையவாடியில் இடம் கிடைக்குமா என்ற அச்சம். கிராமத்தில் சாதிப் பஞ்சாயத்து ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்கும்போது என்ன நடக்கிறதோ அதேதான். ஆயிரம் காணொளி பார்த்தாலும், இறந்தவரைக் குளிப்பாட்டவும் சந்தூக்கைத் தூக்கவும் நான்கு பேர் நேரில் வர வேண்டும். அந்த நான்கு பேரை அனுப்பும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவர்களிடம்தான் சமூகம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2009இல் சட்டம் வந்தது. 2017 ஜனவரியில், பதர் சயீத் தொடர்ந்த வழக்கில், காஜிகள் கொடுக்கும் தலாக் சான்றிதழ் வெறும் கருத்துதான், சட்டப்படி செல்லத்தக்க சான்று அல்ல என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. பதிவேட்டின் அதிகாரத்தை அசைத்தவை இவை. எத்தனை பேர் பார்த்த காணொளியும் இதைச் செய்யவில்லை.

இன்னொருவரையும் நாம் மறந்துவிடுகிறோம். அவர் பள்ளிவாசலின் இமாம். பெரும்பாலும் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். ஏழை வீட்டுப் பிள்ளை, மதரஸாவில் ஓதி, குறைந்த சம்பளத்துக்கு ஐந்து வேளையும் தொழவைக்கிறார். நிர்வாகத்துக்குப் பிடிக்காததைச் சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இப்போது தொழ வருகிற இளைஞர்கள் அவரை யூடியூப் பேச்சாளரோடு ஒப்பிடுகிறார்கள். அவர் பேசுவது சலிப்பாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு ஓதிக்கொடுப்பவரும், நள்ளிரவில் மௌத்து வீட்டுக்கு வருபவரும் அவர்தான். திரையில் தோன்றும் பேச்சாளருக்குப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இந்த மனிதருக்கு முதலாளி இருக்கிறார். மதத்தில் நடக்கும் மாற்றத்தைத் தொழிலாளியின் பக்கத்திலிருந்தும் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

‘சாதி இல்லை’ என்ற காணொளி

தமிழில் இஸ்லாமியப் பிரச்சாரக் காணொளிகளில் அதிகம் பார்க்கப்படும் வகைகளில் ஒன்று, இஸ்லாத்தில் சாதி இல்லை என்பது. இஸ்லாத்தைத் தழுவிய தோழர்களின் வாக்குமூலங்கள் நிறைய வருகின்றன. தோளோடு தோள் நின்று தொழுகிறோம், ஒரே தட்டில் சாப்பிடுகிறோம் என்கிறார்கள். அது பொய் அல்ல. டீக்கடையில் தனிக் குவளை பார்த்த ஒருவருக்கு ஒரே தட்டு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெரியார் இஸ்லாத்தைப் பரிந்துரைத்தது சொர்க்கத்துக்காக அல்ல, இழிவிலிருந்து வெளியேறும் வழி என்றுதான். 1981 பிப்ரவரி 19இல் அன்றைய நெல்லை மாவட்டத்தின் மீனாட்சிபுரத்தில் ஏறத்தாழ 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவியபோது அங்கே காணொளி எதுவும் பிரச்சாரம் செய்யவில்லை. ஆதிக்கச் சாதியினரும் காவல்துறையும் கொடுத்த கொடுமைதான் பிரச்சாரம் செய்தது.

ஆனால் கேள்வி தப்தரில் இருக்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்குள் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, தக்னி என்று பிரிவுகள் உண்டு. 2007இல் கலைஞர் அரசு கொடுத்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுப் பட்டியலில் அன்சார், தக்கனி, தூதேகுலா, லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என ஏழு பெயர்கள் இருக்கின்றன. அவை எல்லாம் தீண்டாமையோடு கூடிய சாதிகள் என்று சொல்ல வரவில்லை. இந்துச் சாதியமைப்பைப் போல இதற்கு வேதத்தின் ஒப்புதல் கிடையாது என்பது மிக முக்கியமான வேறுபாடு. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எந்த வட்டத்துக்குள் நடக்கிறது? முடிதிருத்தும் தொழில் செய்த ஒசா குடும்பத்தில் மற்றவர்கள் பெண் எடுத்தார்களா? புதிதாக வந்தவரின் மகளுக்கு மாப்பிள்ளை யார் வீட்டிலிருந்து வருகிறார்? வாட்ஸ்அப் திருமணத் தகவல் குழுக்களில் ‘ராவுத்தர் குடும்பம் விரும்பத்தக்கது’ என்று எழுதுபவரும், ‘சாதி இல்லை’ காணொளியைப் பகிர்பவரும் ஒரே ஆளாக இருக்க முடிகிறது.

இன்னொரு பக்கம் அரசும் கதவை அடைக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இஸ்லாத்தைத் தழுவிய தலித் பட்டியல் சாதித் தகுதியை இழக்கிறார். 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இன்றுவரை இல்லை. வாக்குமூலக் காணொளியில் ஒருவரை முன்னால் உட்காரவைப்பது எளிது. அவருடைய பிள்ளையின் சாதிச் சான்றிதழ் பறிபோகும்போது அவரோடு ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் போகிறவர்கள் யார் என்று கேட்க வேண்டும். இது பிரச்சாரகர்களுக்கான கேள்வி மட்டும் அல்ல, நமக்கும்தான்.

பொறுப்பு இல்லாத குரல்

காணொளியின் பொருளாதாரம் பற்றி ஒரு சொல். யூடியூப் நிறுவனத்துக்கு மார்க்கம் கிடையாது. ஒருவர் எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பதுதான் கணக்கு. நிதானமான விளக்கத்தைவிட மறுப்பு, சவால், அம்பலம் என்ற தலைப்புகள் அதிகம் ஓடுகின்றன. ஒரு மணிநேர பயான் நாற்பது வினாடித் துண்டாக வெட்டப்படுகிறது. வெட்டியதில் நிபந்தனைகள் எல்லாம் உதிர்ந்து கோபம் மட்டும் மிஞ்சுகிறது. 2018இல் தவ்ஹீத் ஜமாஅத் தன் நிறுவனரையே நீக்கியபோது, அந்த நீக்கமும் அதற்கான விளக்கங்களும் காணொளிகளாகவே சுற்றின. கருவியைக் கையில் எடுத்தவர்களையும் அந்தக் கருவி விட்டுவைக்கவில்லை.

இதன் மிகக் கொடிய வடிவத்தைத் தமிழ் பேசும் உலகம் பார்த்திருக்கிறது. இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம், 2017 மார்ச்சில் அங்குள்ள சூஃபி பிரிவினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு தலைமறைவானார். அவருடைய அமைப்பே அவரை விலக்கியது. முஸ்லிம் பிரமுகர்களே அவரைப் பற்றி அதிகாரிகளிடம் எச்சரித்தார்கள். அதாவது ஊரும் ஜமாஅத்தும் அவரை வெளியே தள்ளிவிட்டன. ஆனால் பள்ளிவாசலை இழந்தவருக்கு யூடியூபும் ஃபேஸ்புக்கும் இருந்தன. தமிழில் பேசிக்கொண்டே இருந்தார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று நடந்த குண்டுவெடிப்புகளில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு இலங்கை முஸ்லிம்கள் கூட்டாகத் தண்டிக்கப்பட்டார்கள். கடைகள் எரிக்கப்பட்டன.

நம் தோழர் ஃபாரூக்கை நான் இங்கே நினைவுகூர வேண்டும். கோவையைச் சேர்ந்தவர், திராவிடர் விடுதலைக் கழகத்தவர், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த கடவுள் மறுப்பாளர். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் கருத்துகளை எழுதினார். 2017 மார்ச் 16 இரவு வெட்டிக் கொல்லப்பட்டார். சங்பரிவாரம் அந்தக் கொலையைத் தன் வெறுப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும் என்பதற்காக நாம் ஃபாரூக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அவரைக் கொன்றவர்களைக் கண்டித்த முஸ்லிம்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமலும் இருக்க முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் துணிவதுதான் நம் நிலைப்பாடு.

இன்னொரு கேமரா

முஸ்லிம்கள் பேசும் காணொளியை முஸ்லிம்கள் மட்டும் பார்ப்பதில்லை. அவர்களைக் குற்றவாளியாக்கக் காத்திருக்கும் இன்னொரு கூட்டமும் பார்க்கிறது. 2020 மார்ச் 25இல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அடுத்த சில நாட்களில் டெல்லி தப்லீக் மாநாட்டைச் சொல்லி நாடு முழுவதும் முஸ்லிம்கள்மீது பழி விழுந்தது. போரா முஸ்லிம்கள் உணவை வீணாக்கக்கூடாது என்று தட்டை வழித்துச் சுத்தம் செய்யும் பழைய காணொளி ஒன்று, கொரோனாவைப் பரப்ப எச்சில் படுத்துகிறார்கள் என்று சுற்றியது. அதே வாரங்களில் பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. ரமலான் இரவுத் தொழுகை வீட்டுக்குள் நடந்தது. இமாம்கள் பலர் முதல்முறையாகக் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒரே திரையில் ஒரு பக்கம் ஆறுதல், மறுபக்கம் வெறுப்பு.

திருப்பரங்குன்றத்தைப் பாருங்கள். மலையில் முருகன் கோயிலும் சிக்கந்தர் பாதுஷா தர்காவும் இருக்கின்றன. நெல்லித்தோப்பும், அதற்குச் செல்லும் படிகளும், பள்ளிவாசலும் கொடிமரமும் உள்ள இடமும் முஸ்லிம்களுக்கு உரியவை, மற்றவை கோயிலுக்கு உரியவை என்று 1923இல் மதுரை நீதிமன்றம் சொல்லி, 1931இல் பிரிவி கவுன்சில் உறுதிசெய்த விவகாரம் அது. கந்தூரிக்கு ஆடு கொண்டுபோவது மதுரைக்குப் புதிதல்ல. 2025 ஜனவரியில் மலைப்படியில் சிலர் சாப்பிட்ட படங்கள் சமூக வலைத்தளங்களில் பரப்பப்பட்டன. பிப்ரவரி 4 அன்று பழங்காநத்தத்தில் இந்து முன்னணி கூட்டம் நடத்தியது. ஜூன் 22 அன்று மதுரையில் நடந்த முருக பக்தர்கள் மாநாட்டில் பெரியாரையும் அண்ணாவையும் இழிவுபடுத்தும் காணொளியைத் திரையிட்டார்கள். முருக பக்திக்கும் அந்தக் காணொளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடையாது. ஆட்டுக்கறியில் தொடங்கியது பெரியாரில் வந்து நின்றதை வைத்து, இலக்கு யார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதனால் முஸ்லிம்களுக்குள் சீர்திருத்தம் பேசுகிறவர்கள் ஓர் இடுக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். ஜமாஅத்தில் தனக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று ஒரு பெண் கேமரா முன் சொன்னால், மறுநாள் அது பா.ஜ.க. ஐ.டி. பிரிவின் கையில் இருக்கும். சொல்லாவிட்டால் முத்தவல்லியின் கையில் அவர் இருப்பார். 2025 ஏப்ரலில் வந்த வக்ஃபு திருத்தச் சட்டமும் சீர்திருத்தம் என்ற பெயரில்தான் வந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் கோளாறு இருக்கிறது என்பதற்காக அதைச் சரிசெய்யும் வேலையை ஒன்றிய அரசிடம் கொடுப்பது, வீட்டில் எலி இருக்கிறது என்று வீட்டைக் கொளுத்துவதுதான்.

திருப்புவனத்துக்குப் பக்கத்தில் முதுவன்திடல் என்ற ஊர் இருக்கிறது. மொகரம் நாளில் அங்குள்ள பாத்திமா நாச்சியார் பள்ளிவாசல் முன்னால் இந்துக்கள் பூக்குழி இறங்குகிறார்கள். இரண்டு பக்கத்துத் தூய்மைவாதிகளுக்கும் அது உறுத்தல். அதைப் பக்தி என்றோ மூடநம்பிக்கை என்றோ நாம் விவாதிக்கலாம். ஆனால் யாருடைய தெய்வம் யாருக்கு என்று பட்டா போட்டுக்கொள்ளாத ஒரு பழக்கம் மதுரைச் சமவெளியில் இருந்தது, இருக்கிறது என்பதை அழிக்க விடக்கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

முடிவாக, முஸ்லிம் இளைஞர்களுக்குச் சில கோரிக்கைகள். கேமராவைப் பேச்சாளரை நோக்கியே பிடிக்காதீர்கள். ஜமாஅத்தின் வரவு செலவுக் கூட்டத்தை நோக்கித் திருப்புங்கள். நிர்வாகத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கும் இடமும் கேளுங்கள். மண வழக்கில் பெண் தானே பேசும் உரிமையைக் கேளுங்கள். இமாமின் சம்பளத்தைக் கேளுங்கள். மாற்றுக் கருத்துக்காக எவரையும் ஊர் விலக்கம் செய்யக்கூடாது என்று தீர்மானம் கேளுங்கள். இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தில் பெண் எடுங்கள், கொடுங்கள். காணொளியில் நீங்கள் கற்ற ‘ஆதாரம் எங்கே’ என்ற கேள்வியை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க இவ்வளவு இடம் இருக்கிறது.

முஸ்லிம் அல்லாத தோழர்களுக்கும் சொல்கிறேன். அதிகம் கத்துகிற ஹஜ்ரத்தை வைத்துப் பக்கத்து வீட்டுக்காரரை அளக்காதீர்கள். 2020 பிப்ரவரியில் மகபூப்பாளையத்தில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பெண்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் தெருப் பள்ளிவாசலுக்குள் போய்த் தொழ இடம் இல்லாதவர்கள். தெருவில் அவர்கள் அரசியல் சட்டத்தைக் கையில் ஏந்தினார்கள். அன்று அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும்தான் இன்று ஜமாஅத்தைப் பற்றி அவர்களோடு பேசும் தகுதி இருக்கிறது.

அடுத்த முறை யாராவது ஒரு பயான் காணொளியை உங்களுக்கு அனுப்பினால், பிடித்திருக்கிறதா இல்லையா என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இதைக் கேட்டபிறகு எந்த ஊர்த் தப்தரில் என்ன மாறியது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.